வெளியே பொறி தெறிக்கும் பிளக், மேட்டில் ஏன் கைவிடுகிறது?

சமதரையில் 40-இல் போகும்போது வண்டியில் ஒரு குறையும் இல்லை. பின்னால் ஆள் ஏறி, மேம்பாலத்தில் ஏற ஆக்சிலேட்டரைத் திருகினால் திக்குகிறது. சைலன்சரில் ‘டப் டப்’ என்று சத்தம். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டால் மறுபடி சீராகிவிடுகிறது. இந்தப் புகாருக்கு முதலில் கழற்ற வேண்டியது ஸ்பார்க் பிளக்கைத்தான். கழற்றவும் செய்கிறார்கள். தப்பு நடப்பது அதைச் சோதிக்கும் விதத்தில். பிளக்கை வயர் நுனியிலுள்ள கேப்பில் செருகி, இன்ஜின் ஹெட் மேல் சாய்த்து வைத்து ஒரு கிக். நீலமாகப் பொறி தெறிக்கிறது. “பிளக் நல்லாத்தான் இருக்கு, கார்புரேட்டரைக் கழட்டு.” அங்கிருந்து வீண் செலவு தொடங்குகிறது.

வெளிக்காற்றில் பொறி வருவதும் சிலிண்டருக்குள் பொறி வருவதும் ஒன்றல்ல. மின்சாரம் தாண்டிக் குதிக்க வேண்டிய இடைவெளியில் காற்று எவ்வளவு அழுத்தமாக இருக்கிறதோ, அவ்வளவு வோல்டேஜ் கூடுதலாக வேண்டும். ஹெட் மேல் வைத்த பிளக்கைச் சுற்றி இருப்பது சாதாரணக் காற்று. சிலிண்டருக்குள்ளோ, பிஸ்டன் மேலே ஏறி முடியும் நேரத்தில் அழுத்தம் அதைப் போலப் பல மடங்கு. அந்த மடங்கும் நிலையானது அல்ல. ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்தால் சிலிண்டர் அரைகுறையாகத்தான் நிரம்பும், அழுத்தமும் குறைவு. முழுக்கத் திறந்தால் சிலிண்டர் நிரம்பி அழுத்தம் உச்சத்துக்குப் போகும். தேய்ந்த பிளக் மெதுவாகப் போகும்போது ஒழுங்காக நடந்துகொண்டு, மேட்டில் கைவிடுவது இதனால்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது தெரிகிற குறை, மலையடிவாரத்துச் சமதரைச் சாலையில் தெரியாமலே இருக்கும்.

இன்னொரு காரணம் முனையின் வடிவம். புதுப் பிளக்கின் நடு மின்முனை வெட்டி வைத்தாற்போலக் கூரான ஓரம் கொண்டது. மின்சாரம் கூரான ஓரத்திலிருந்து எளிதாகக் குதிக்கும், மழுங்கிய முனையிலிருந்து சிரமப்படும். ஒவ்வொரு பொறியும் அந்த ஓரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துளி உலோகத்தைத் தின்றுவிடுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கி.மீ. வேகத்தில் இன்ஜின் 5000 ஆர்பிஎம் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 6000 சுற்று. நான்கு ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி, அதாவது கிலோமீட்டருக்கு 3000. பத்தாயிரம் கிலோமீட்டரில் மூன்று கோடிப் பொறி. பல பைக்குகளில் புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கிலும் வீணாக ஒரு பொறி விழுகிறது. அங்கே கணக்கு ஆறு கோடி. ஓரம் மழுங்கி, இடைவெளி அகன்று, கேட்கும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் காயிலால் கொடுக்க முடிகிற உச்சத்தைத் தொடுகிறது. அன்று முதல் வண்டி திக்க ஆரம்பிக்கும். இந்தத் தேய்மானம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வருவதால், ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிவிடுகிறது. பிக்கப் போய்விட்டது என்று அவருக்குத் தெரிவதற்குள் வேறொருவர் ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

இழுவை குறைந்தால் எல்லாவற்றுக்கும் பிளக்கைக் குறை சொல்வதும் தவறு. ஸ்பேனரை எடுக்கும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே பாதிக் காரணங்கள் விலகிவிடும். ஆள் நடமாட்டமில்லாத சாலையில், லேசான ஏற்றத்தில், டாப் கியரில் 40-இல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகுங்கள். திருகிய உடனே வெட்டி வெட்டி இழுத்து, பாதிக்கு விட்டதும் சீரானால், கோளாறு பொறியின் பக்கம். இருபது முப்பது வினாடி நன்றாக இழுத்துவிட்டு அப்புறம் மூச்சு வாங்கினால் பெட்ரோல் வரத்துப் பக்கம். டேங்க் ஃபில்டர், பெட்ரோல் காக், டேங்க் மூடியின் காற்றுத் துளை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வெட்டு எதுவும் இல்லாமல் கம்பளி போர்த்தினாற்போல மந்தமாக இருந்தால் ஏர் ஃபில்டரோ சைலன்சர் அடைப்போ. இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட். நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் வண்டிக்குப் பிளக் மாற்றி ஒரு பயனும் இல்லை.

கழற்றுவதற்கு இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இது சோம்பலுக்குச் சொல்லும் காரணம் அல்ல. ஹெட் அலுமினியம். சூட்டில் பிளக்கைத் திருகினால் ஹெட்டின் திரெட் (மரை) பிய்ந்து பிளக்கோடு வந்துவிடும். கேப்பை இழுக்கும்போது வயரைப் பிடித்து இழுக்காமல், கேப்பையே பிடித்துச் சற்றுத் திருகி உருவுங்கள். அடுத்து, பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மண்ணும் மணலும் இருக்கும். சைக்கிள் பம்பால் அடித்தாலே போதும், வெளியே வந்துவிடும். இதைச் செய்யாமல் கழற்றினால் அந்த மணல் நேராகச் சிலிண்டருக்குள் விழும். 100, 125 சிசி பைக்குகளில் பெரும்பாலும் 10 மி.மீ. திரெட் பிளக், அதற்கு 16 மி.மீ. பிளக் ஸ்பேனர். 12 மி.மீ. திரெட்டுக்கு 18 மி.மீ. பழைய கார்களின் 14 மி.மீ. திரெட் பிளக்குக்கு 21 மி.மீ. பாக்ஸ். ஸ்பேனர் சாய்ந்தால் வெள்ளைப் பீங்கான் விரிசல் விடும். அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பொறி அதன் வழியே ஒழுகிவிடும்.

கையில் வந்த பிளக்கைத் துடைத்துவிடாதீர்கள், முதலில் படியுங்கள். வெளிர் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் எரிவது சரியாக இருக்கிறது, வயதுதான் ஆகியிருக்கிறது. விரலில் ஒட்டும் காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. சோக் சிக்கியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது தினம் ஒரு கிலோமீட்டர் மட்டும் போய் நிறுத்தும் வண்டியாக இருக்கலாம். பிளக் முனை தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ள ஏறக்குறைய 450 முதல் 500 டிகிரி சூடு வேண்டும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டி அந்தச் சூட்டைத் தொடுவதே இல்லை. ஈரமாகப் பளபளக்கும் கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது, எத்தனை பிளக் மாற்றினாலும் அது திரும்பத் திரும்ப நனையும். சுண்ணாம்பு போல வெளுத்து, பீங்கானில் கொப்புளம் இருந்தால் உள்ளே அளவுக்கு மீறிய சூடு. பெட்ரோல் குறைவாகப் போகிறதா, எங்காவது காற்று உள்ளே இழுக்கிறதா, தவறான பிளக் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே ஓட்ட வேண்டும். முனை 800 டிகிரியைத் தாண்டினால் பொறி வரும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும், அது பிஸ்டனை ஓட்டை போடும் சூடு. பீங்கானில் மிளகுத் தூள் போலச் சிறு புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துளிகளோ ஒட்டியிருந்தால் அந்த வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

வெளிப்பக்கப் பீங்கானையும் பாருங்கள், பலர் இதை விட்டுவிடுவார்கள். உலோகமும் பீங்கானும் சேரும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் பயம் வேண்டாம், அது மின்புலம் காற்றிலிருக்கும் எண்ணெய்த் துகளை ஈர்த்து ஒட்டவைத்த கறை. கேஸ் ஒழுகுகிறது என்று சொல்லி ஹெட்டைக் கழற்ற வைத்தால் நம்பாதீர்கள். ஆனால் மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்தாற்போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கதை வேறு. தேய்ந்த இடைவெளியைத் தாண்ட முடியாத மின்சாரம் பீங்கானின் வெளிப்பக்கமாகவே இறங்கியிருக்கிறது. அப்போது பிளக்கோடு கேப்பையும் மாற்ற வேண்டும். அதே கோடு கேப்பின் உள்பக்கமும் விழுந்திருக்கும், புதுப் பிளக்கிலும் மின்சாரம் பழைய தடத்தையே தேடும்.

இடைவெளி அளக்க ஃபீலர் கேஜ் போதும். ஆனால் தேய்ந்த பிளக்கில் வளைந்த வெளி முனையில் குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு குழியின் இரண்டு கரைகளில் உட்கார்ந்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். கம்பி வடிவக் கேஜ் இருந்தால் நல்லது. எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதை மேனுவலில்தான் பார்க்க வேண்டும். இடைவெளி பிளக் எண்ணிலேயே ஒளிந்திருப்பதும் உண்டு. என்ஜிகே பிளக்கில் கடைசியில் ‘-9’ என்று இருந்தால் 0.9 மி.மீ., ‘-11’ என்றால் 1.1 மி.மீ. வளைக்கும்போது வெளி முனையை மட்டும் தட்டி நெருக்குங்கள். ஸ்க்ரூடிரைவரை நடு முனையில் ஊன்றி நெம்பினால் பீங்கான் போயிற்று. இரிடியம் பிளக்கின் நடு முனை 0.6 மி.மீ. அல்லது 0.4 மி.மீ. தடிமன்தான். அதை நெம்பவும் கூடாது, தேய்க்கவும் கூடாது.

இங்கே ஒரு வழக்கத்தைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். எமரி தாளால் தேய்த்து, இடைவெளியைத் தட்டிச் சரிசெய்து, பழைய பிளக்கையே போட்டு அனுப்புவது. இடைவெளி சரியாகிவிடும், மழுங்கிய ஓரம் திரும்பி வராது. எமரி அந்த ஓரத்தை இன்னும் உருட்டிவிடும். கம்பி பிரஷ் பீங்கானில் உலோகக் கோடு போட்டு, மின்சாரத்துக்குக் குறுக்குவழி திறந்துவிடும். வழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க இதைச் செய்யலாம், அதற்கு மேல் அல்ல. சாதாரண நிக்கல் பிளக்கின் விலை ஓரிரு லிட்டர் பெட்ரோலைச் சுற்றித்தான் இருக்கும். பைக்கில் பத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் உழைத்த பிளக்கைத் தேய்த்துப் போட்டு, குறைந்த மைலேஜில் அதைப் போலப் பல மடங்கை விடுவது கணக்குத் தெரிந்தவர் செய்கிற வேலை அல்ல.

கடையில் வாங்கும்போது ‘ஸ்ப்ளெண்டர் பிளக் ஒண்ணு’ என்று கேட்காதீர்கள். ஒரே பெயரில் பல ஆண்டுகளில் வந்த வண்டிகளுக்குப் பிளக் வேறு வேறு. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். என்ஜிகேயின் சிபிஆர்8இஏ-9 (CPR8EA-9) என்ற எண்ணை எடுத்துக்கொண்டால், முதல் ‘சி’ 10 மி.மீ. திரெட், ‘பி’ முன்துருத்திய பீங்கான், ‘ஆர்’ உள்ளே ரெசிஸ்டர், 8 வெப்ப எண், ‘இ’ 19 மி.மீ. திரெட் நீளம், கடைசியில் இடைவெளி. ‘இ’ இருக்கும் இடத்தில் ‘ஹெச்’ வந்தால் நீளம் 12.7 மி.மீ. 19 வேண்டிய இடத்தில் 12.7 போட்டால் பொறி குழிக்குள் விழும், மிச்ச திரெட்டில் கரி அடைக்கும். 12.7 வேண்டிய இடத்தில் 19 போட்டால் பிளக் நுனி பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம். வெப்ப எண்ணில் இன்னும் பெரிய சிக்கல் இருக்கிறது. என்ஜிகே, டென்ஸோ இரண்டிலும் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, அதாவது முனையின் சூட்டை வேகமாகக் கடத்திவிடும். பாஷ், சாம்பியன் இரண்டிலும் தலைகீழ், எண் கூடினால் சூடானது. பிராண்டை மாற்றும்போது எண்ணை ஒப்பிடாமல், பொருத்த அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும். ரெசிஸ்டர் பிளக் கேட்கும் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு ‘ஆர்’ இல்லாததைப் போட்டால் பொறியின் மின் இரைச்சல் வண்டியின் கணினியான ஈசியூவையும் சென்சாரையும் குழப்பும்.

இரிடியம் போட்டால் பிக்கப் ஏறுமா என்பது எல்லோரும் கேட்பது. தேய்ந்த பிளக் இருந்த இடத்தில் போட்டால் ஏறும், அதே ஏற்றம் புது நிக்கல் பிளக்கிலும் கிடைக்கும். ஆரோக்கியமான வண்டிக்கு இரிடியம் தருவது ஆயுளும், குறைந்த வோல்டேஜில் பொறியும். இழுவை வண்டிக்கு ஏற்கெனவே உள்ளதுதான். அந்த ஆயுளிலும் ஒன்றைக் கவனியுங்கள். கடையில் தனியாக விற்கும் இரிடியம் பிளக் பலவற்றில் நடு முனை மட்டுமே இரிடியம், வெளி முனை சாதாரண நிக்கல். கம்பெனி காரோடு வரும் ஒரு லட்சம் கிலோமீட்டர் பிளக்கில் இரண்டு முனையிலும் விலையுயர்ந்த உலோகம் இருக்கும். முன்னதை வாங்கிப் போட்டுவிட்டுப் பின்னதன் ஆயுளை எதிர்பார்க்க முடியாது. போலிப் பிளக்கும் சந்தையில் தாராளம். நல்ல பிளக்கில் வாஷர் கையால் உருவினால் கழன்று வராது, திரெட் வழவழப்பாக இருக்கும், பீங்கானில் அச்சு நகத்தால் சுரண்டினால் போகாது, வெளி முனை நடு முனைக்கு நேர் மேலே நிற்கும்.

மாட்டுவது கையால்தான் தொடங்க வேண்டும். குழி ஆழமாக இருந்தால் பிளக்கின் தலையில் ஒரு சாண் பெட்ரோல் டியூபைச் செருகி, டியூபைச் சுற்றிச் சுற்றி இறக்குங்கள். திரெட் கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், திரெட் பிழைக்கும். வாஷர் தொட்டு நின்றதும், புதுப் பிளக் என்றால் ஸ்பேனரால் இன்னும் அரைச் சுற்று. கழற்றிய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், எனவே கடிகாரத்தின் சிறிய முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு மட்டும். டார்க் ரெஞ்ச் உள்ளவர்களுக்கு: அலுமினிய ஹெட்டில் 10 மி.மீ. திரெட்டுக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20, 14 மி.மீ.க்கு 25 முதல் 30. லூசாக விட்டாலும் ஆபத்து. பிளக் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துவது திரெட் வழியாகவும் வாஷர் வழியாகவும்தான், அது சரியாக உட்காராவிட்டால் முனை கொதிக்கும். திரெட்டில் கிரீஸோ ஆயிலோ தடவாதீர்கள். வழுக்குவதால் கைக்குத் தெரியாமலே அதிகம் முறுக்கிவிடுவீர்கள்.

பிளக்கின் தலையிலிருக்கும் சின்ன நட்டையும் பாருங்கள். சில கேப்புக்கு அது வேண்டும், சிலவற்றுக்குக் கழற்றிவிட வேண்டும். பழைய பிளக் எப்படி இருந்ததோ அப்படி. வேண்டிய இடத்தில் அது லூசாக இருந்தால் கேப்புக்குள்ளேயே பொறி தெறித்து, புதுப் பிளக் போட்டும் மிஸ்ஸிங் நிற்காது. கேப்பில் ரெசிஸ்டர் உள்ள வகை என்றால் மல்டிமீட்டரில் அதன் மதிப்பு பெரும்பாலும் 5 கிலோ ஓம் சுற்றி வரும். மீட்டர் எதையுமே காட்டாவிட்டால் கேப் செத்துவிட்டது. வயர் நுனி பச்சை பிடித்திருந்தால் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு, கேப்பை மறுபடி திருகி ஏற்றினால் போதும்.

பல்சர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2003-இல் வந்த டிடிஎஸ்ஐ இன்ஜினிலிருந்து பல பல்சர்களில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக். பல்சர் என்எஸ் 200-இல் மூன்று. ஒன்று கைக்கு எளிதாக எட்டும், மற்றதைக் கழற்றச் சிரமம், எனவே அது வருடக்கணக்கில் தொடப்படாமல் கிடக்கும். அது செத்தாலும் வண்டி நிற்காது, ஐடிலிங்கூட ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் தீ மூட்டுவதாக வைத்துக்கொண்டுதான் அந்த இன்ஜினின் டைமிங் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கத் தீ மட்டும் மெதுவாகப் பரவும்போது அழுத்தம் தாமதமாக வந்து, பாதிச் சூடு சைலன்சர் வழியே போய்விடும். வண்டி மந்தமாகும், சைலன்சர் அதிகம் சுடும். சோதிக்க, இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு கேப்பைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கைச் செருகி, அதன் உலோகப் பகுதியை வயரால் இன்ஜினோடு இறுக்கிக் கட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு மறுபக்கம் அதே போல. எந்தப் பக்கத்தைக் கழற்றியபோது வண்டி ஓடவே மறுக்கிறதோ, அப்போது மாட்டியிருந்த பிளக்தான் வேலை செய்யாதது. கேப்பை வெறுமனே தொங்கவிட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் காயிலுக்குள்ளேயே பாய்ந்து அதைக் கொல்லும், காயிலை இயக்கும் சிடிஐ பெட்டியையும் கொண்டுபோகும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பிளக் துளையைத் திறந்துவைத்துச் செல்ஃப் அடிப்பது இதைவிட மோசம். துளை வழியே பெட்ரோல் ஆவி வெளியே பீச்சும், பக்கத்திலேயே பொறி. இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றாமல் அந்தச் சோதனை வேண்டாம்.

2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பிஎஸ்6 புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் தேய்ந்த பிளக்கின் செலவு கூடிவிட்டது. எரியாமல் போன கலவையில் ஆக்சிஜன் அப்படியே இருக்கும். சைலன்சர் குழாயிலுள்ள சென்சார் அதைப் பார்த்துப் பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூவுக்குச் சொல்லும், ஈசியூ இன்னும் கொஞ்சம் ஊற்றும். இழுவையும் இல்லை, மைலேஜும் இல்லை. எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும். காரில் என்ஜின் செக் விளக்கு நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் வேறு. மின்னினால் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது, ஆக்சிலேட்டரை விட்டு ஓரமாக நிறுத்த வேண்டிய நேரம். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0303 மூன்றாவது. அந்தச் சிலிண்டரின் காயிலை அடுத்ததோடு மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு காயிலோடு நகர்ந்தால் காயில், நகராவிட்டால் பிளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். பிளக்கை மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். காயில் போன காரில் பழைய பிளக்கை விட்டுவைத்துக் காயிலை மட்டும் மாற்றுவதும் தவறு. அந்த அகன்ற இடைவெளிதான் முதல் காயிலைக் களைக்கவைத்தது, இரண்டாவதையும் அதே வழியில் அனுப்பும். பிளக் குழியில் ஆயில் நின்றால் டேப்பெட் கவர் சீலையும் சேர்த்து மாற்றுங்கள், ஆயில் காயிலின் ரப்பரை ஊறவைத்துவிடும்.

சென்னையில் ஓடும் எல்பிஜி ஆட்டோக்களுக்கும், சிஎன்ஜி கார்களுக்கும் இதெல்லாம் முன்கூட்டியே வரும். கேஸ் கலவையில் பொறி குதிக்க வேண்டிய வோல்டேஜ் பெட்ரோலைவிட அதிகம். அதே பிளக், அதே தேய்மானம், பெட்ரோலில் ஓடும்போது தெரியாமல் கேஸுக்கு மாற்றியதும் திக்கும். கேஸ் கிட்டின் செட்டிங்கைத் தொடும் முன் பிளக்கைப் பாருங்கள். கேஸில் ஓட இடைவெளியைச் சற்றுக் குறைத்து வைக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவையே பிடியுங்கள். மாற்றும் கிலோமீட்டரையும் பெட்ரோல் கணக்கில் வைக்காதீர்கள்.

புதுப் பிளக் போட்டு 300 முதல் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு, இன்ஜின் ஆறியதும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பழைய பிளக்கில் இருந்தது பல மாதத்துக் கறை, இதில் இருப்பது இந்தச் சில நாள் எரிந்த நிறம். வெளிர் பழுப்பாக இருந்தால் திரும்ப மாட்டிவிட்டு, ஓடோமீட்டர் எண்ணைப் பெயின்ட் மார்க்கரால் பேட்டரி மேல் எழுதிவையுங்கள். மறுபடி கறுத்திருந்தால் கார்புரேட்டரையோ ஏர் ஃபில்டரையோ கழற்ற வேண்டிய நேரம் இப்போதுதான்.